பற்றற்றவர் வாங்கிய ஃபிளாட்

சென்னையில் வாடகைக்கு விடுவதற்கென்றே இரண்டாவது வீடு வாங்கும் பெருமக்களுக்கு இந்த மாநகரம் இதுவரை ஒரு பாராட்டு விழாகூட எடுக்கவில்லை என்பது பெரிய குறை. மார்கழி வந்தால் தெருவுக்கு ஒரு சபா, சபாவுக்கு ஒரு பட்டம் என்று வாரி வழங்குகிறோம். ஏரியா பார்த்து வீடு வாங்குவதும் கச்சேரி மாதிரி ஒரு கலைதான். அதிலும் சுருதி பிசகக் கூடாது. கேட்க உட்கார்ந்தவன் நடுவில் எழுந்து போக வழியிருக்கக் கூடாது. 'ஏரியா கலாநிதி' என்று ஒரு பட்டம் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அவரை உங்களுக்குத் தெரியும். நங்கநல்லூரிலோ மந்தைவெளியிலோ அப்பா காலத்து வீட்டில் குடியிருப்பார். குழாயில் மெட்ரோ வாட்டர் வரும். மளிகைக் கடைக்காரர் பேர் சொல்லி நலம் விசாரிப்பார். டாக்டர் இரண்டு தெரு தள்ளி. ஒரு மனிதன் நிம்மதியாக வாழ இவ்வளவும் வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இவற்றில் ஒன்றும் இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து முதலீடு செய்கிறார். எல்லா வசதியும் உள்ள ஏரியாவில் சதுர அடி விலை ஏறிக் கிடக்கும். வாடகை அந்த அளவுக்கு ஏறாது. ஆகவே தான் இருக்க ஓர் ஊர், தன் பணம் இருக்க ஓர் ஊர்.

பணம் நல்ல வழியில் வந்ததுதான். கிராஜுவிட்டி, பி.எஃப்., நியூ ஜெர்சியிலிருந்து மகள் அனுப்பியது. அதைக் கொண்டுபோய் பெரும்பாக்கத்திலோ நாவலூரிலோ படூரிலோ போடுவார். கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சி, வாத்தியாருக்குத் தட்சணை கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். வாங்கிய வீட்டில் ஓர் இரவு தலை சாய்த்தவர் இல்லை. உடைமை உண்டு, பற்று இல்லை. மடாதிபதிகளுக்கே எளிதில் கைகூடாத நிலை இது.

இடம் பார்க்கப் போகிற நேர்த்தியே தனி. சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஐப்பசியில் போக மாட்டார். திங்கட்கிழமை எட்டரைக்கும் போக மாட்டார். மழையும் டிராஃபிக்கும் ஓர் ஏரியாவைப் பற்றித் தப்பான எண்ணத்தை உண்டாக்கிவிடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓ.எம்.ஆர். காலியாகக் கிடக்கும். டைடல் பார்க் சிக்னலைத் தாண்டினால் கார் பறக்கும். "ஏர்போர்ட் இருபதே நிமிஷம் சார்" என்று புரோக்கர் சொல்வது அந்த ஒரு வேளைக்குச் சத்தியவாக்கு.

வேளச்சேரியை ஒட்டிய ஒரு தெருவில் இப்படி ஒரு இடம் பார்க்கும் வைபவத்துக்குக் கூடப் போயிருந்தேன். காம்பவுண்டுச் சுவர் முழுக்க வெளிறிப்போன மஞ்சள். தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் மட்டும் புது மஞ்சள். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. பழசும் புதுசும் சேர்கிற இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு, சுவர் நெடுக. இ.பி. மீட்டர் பெட்டிகளைக் கழற்றி எடுத்த தடம் இடுப்பு உயரத்தில் சிமெண்ட் பூசிக் கிடந்தது. பெட்டிகள் இப்போது தலைக்கு மேலே. ரீடிங் எடுக்க வருகிறவர் ஸ்டூல் கேட்டு வாங்கித்தான் ஏற வேண்டும். அந்தச் சுவரைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கணக்குச் சொல்லிவிடும். நம்மவரும் பார்த்தார். அவர் பார்ப்பதைப் புரோக்கரும் பார்த்தார்.

"தண்ணி நிக்குமாப்பா?"

"தெருவுலதான் சார் நிக்கும். வீட்டுக்குள்ள வராது."

"2015-ல?"

"அது நூறு வருஷத்துக்கு ஒரு வாட்டி வர்ற மழை சார். அதையெல்லாம் கணக்குல வெச்சா மெட்ராஸ்ல ஒருத்தரும் வீடு வாங்க முடியாது."

"2023-ல?"

"அது மழையே இல்ல சார். புயல்."

"நமக்கு எந்த ஃப்ளோர்?"

"செகண்டு ஃப்ளோர் சார்."

"அப்ப சரி."

அந்த 'அப்ப சரி'க்குத்தான் பொன்னாடை போர்த்த வேண்டும். எவ்வளவு தெளிவு! தண்ணீர் இரண்டாம் மாடிக்கு வராது, வாடகை வரும். கீழே சம்ப்புக்குள் சாக்கடை கலப்பதும், மோட்டார் முழுகுவதும், லிஃப்ட் நிற்பதும், ஸ்டில்ட்டில் நிறுத்திய பைக் மிதப்பதும் குடியிருக்கிறவர் சம்பந்தப்பட்ட விஷயம். 2015 டிசம்பரிலும் மிக்ஜாம் புயலின்போதும் கரண்ட் இல்லாமல், பால் பாக்கெட் இல்லாமல், மாடியிலிருந்து படகை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த குடித்தனக்காரர்களுக்கு, டவர் கிடைத்ததும் வந்த முதல் போன் ஓனரிடமிருந்துதான். "வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?" வீட்டைப் பற்றி எவ்வளவு அக்கறை பாருங்கள்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களுக்கு நூறு வருஷக் கணக்கு புரியவில்லை. நம்மவர் அதையும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த விளம்பரத்தில் 'ஸ்டில்ட்டில் ஒரு கார் பார்க்கிங், நடை தூரத்தில் மேம்பாலம்' என்று போடலாம்.

தண்ணீர் இருந்த இடத்தில் மனிதரைக் குடிவைப்பதை இவர்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னால் முன்னோர்களுக்குத் துரோகம். 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. நம்மவர் மரபு காப்பவர். தெற்கே நகர்ந்து அதே பணியைத் தொடர்கிறார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகக் கணக்கு. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் அது இடம்பெற்றபோது எல்லைக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக் கோவளத்தில் கடலுக்குப் போக வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. வழியில் நாம் உட்கார்ந்திருப்பதால் தண்ணீர் கொஞ்சம் தயங்கி நிற்கிறது.

நம்மவரைக் குறை சொல்ல முடியாது. பத்திரம் பார்ப்பதில் அவரைப் போலக் கறாரான ஆள் கிடையாது. முப்பது வருஷத்துக்கு ஈ.சி. போட்டுப் பார்ப்பார். மூலப் பத்திரம், பட்டா, சி.எம்.டி.ஏ. அப்ரூவல், வக்கீலின் லீகல் ஒப்பீனியன் எல்லாம் ஃபைலில் இருக்கும். தண்ணீரை வில்லங்கச் சான்றிதழில் யாரும் வில்லங்கமாகப் பதிவதில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்?

ஏரியா தேர்வில் அவருடைய இன்னொரு பலம், இல்லாததைக் கண்ணால் காண்பது. சாதாரண மனிதர்கள் பஸ் ஸ்டாப் எங்கே என்று தேடுவார்கள். இவர் வரப்போகும் ரயிலைப் பார்ப்பார். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒப்பிப்பார். அறிவிப்பு வந்தபோது ஒருமுறை விலை ஏறியது, 2020-இல் அடிக்கல் நாட்டியதும் ஒருமுறை, தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கியபோது ஒருமுறை, தூண் எழும்பியபோது இன்னொருமுறை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வாடகையில் ஐந்நூறு, ஆயிரம். இப்படியாக ஓ.எம்.ஆரில் குடியிருக்கிறவர், ரயில் ஏறுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே டிக்கெட் எடுக்கும் பாக்கியம் பெற்றார். தடுப்புக்குப் பக்கத்தில் பைக்கில் நின்றபடி, வராத ரயிலுக்குச் சந்தா கட்டுகிறார்.

பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வரைக்கும் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டும் வேலை 2008-இல் தொடங்கியது. கடைசி அரைக் கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல் பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தரத்தில் நின்றது. அதை நம்பி ஆதம்பாக்கத்தில் வாங்கியவர்களின் பொறுமை அளவிடற்கரியது. அவர்களுடைய குடித்தனக்காரர்களின் பொறுமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் பார்த்தோம். 2023 டிசம்பர் 30-இல் திறப்பதற்கு வெகு முன்பே ஊரப்பாக்கத்தில் வாடகை திறந்துவிட்டது. பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்தார்கள். அங்குள்ள ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து வேண்டாம் என்று போராடுகிறார்கள். மனை விளம்பரங்களில் விமானம் எப்போதோ தரையிறங்கி, பயணிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கம்பக்கத்தைப் பற்றியும் அவருக்குத் தீர்க்கமான கருத்து உண்டு. நகரத்து நடுவில் கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடும்பங்களை அரசாங்கம் பெயர்த்துக் கொண்டுவந்து கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வைத்திருக்கிறது. வீட்டுவேலைக்கு ஆள் கிடைக்குமா என்று குடிவருகிறவர் கேட்டால், "பக்கத்துலதானே கண்ணகி நகர், வேண்டிய மட்டும் ஆள்" என்பார். அதே ஃபிளாட்டை விற்கும் பேச்சு வரும்போது கண்ணகி நகர் சட்டென்று வெகு தூரம் தள்ளிப் போய்விடும். ஃபிளாட் 'சோழிங்கநல்லூருக்கு மிக அருகில்' நகர்ந்துவிடும். நிலப்பரப்பையே இப்படி வளைக்க வல்லவரை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்?

இனி அவருடைய தியாகம். 70 லட்ச ரூபாய்க்கு ஃபிளாட், ஐ.டி.யில் இருக்கும் மகனையும் சேர்த்துக்கொண்டு 56 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டிக்கு இருபது வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 48,600 ரூபாய். வாடகை 20,000. ஆக, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்குவதற்காக மாதாமாதம் 28,600 ரூபாய் கையிலிருந்து போடுகிறார். பாரி ஒரே ஒருமுறைதான் தேர் கொடுத்தான், அதுவும் இ.எம்.ஐ. இல்லாத தேர். சொத்து வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதம், புரோக்கர் கமிஷன் எல்லாம் போனால் 70 லட்சத்துக்கு வருஷம் 2 லட்சம் நிற்கலாம். மூன்று சதவீதம்கூட இல்லை. பேங்கில் ஃபிக்சட் டெபாசிட் போட்டிருந்தால் இரண்டு மடங்கு வந்திருக்கும், நடுராத்திரியில் கீசர் ரிப்பேர் என்று போன் வந்திருக்காது.

"வாடகை யாருக்கு வேணும்? அப்ரிசியேஷன்!" என்பார். அதுவும் உண்மைதான். மண்ணுக்கு விலை ஏறும், கட்டடத்துக்கு வயசு ஏறும். மாடி உயர உயர மண்ணில் தலைக்கு வரும் பங்கு சுருங்கும். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்கு 400 சதுர அடி யூ.டி.எஸ். கிடைத்தாலே கொடுத்துவைத்தவர். மற்றபடி அவர் 70 லட்சம் கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி, தரைக்கும் வானத்துக்கும் நடுவில் உள்ள காற்று. காற்றுக்கு விலை ஏறும் என்று நம்புவதற்கு ஒரு பக்குவம் வேண்டும்.

இவ்வளவு தியாகம் செய்தவர் ஆள் பார்த்துத்தானே வீடு கொடுப்பார்? ஏரியாவைத் தேர்ந்தெடுத்த காரணமே சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். கடன் வாங்கும்போது பேங்கில் அவர்களைத்தான் காட்டினார். வீடு கைக்கு வந்ததும் 'பேச்சிலர்களுக்கு இல்லை' என்று போர்டு மாட்டினார். குடும்பமாக இருக்க வேண்டும். சின்னக் குடும்பமாக இருக்க வேண்டும். விருந்தாளி வரக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. ஜாதி கேட்கிற வழக்கம் அவரிடம் அறவே கிடையாது. "வெஜ்தானே?" என்று மட்டும் கேட்பார். சில பேர்களைப் போனில் கேட்ட மாத்திரத்தில், வீட்டை நேற்று சாயங்காலமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது ஞாபகம் வரும். அப்படிக் கொடுத்துவிட்ட வீடு மூன்று மாசம் பூட்டிக் கிடக்கும். அந்த 60,000 ரூபாயையும் கொள்கைக்காக இழப்பார்.

சட்டத்தை மதிப்பதிலும் குறை வைக்க மாட்டார். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. நம்மவர் பதினோரு மாதத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர், ஒரு நோட்டரி முத்திரை, அத்தோடு சரி. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. சொல்லும்போதே, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியாகப் பத்து மாத அட்வான்ஸ் தாராளமாக உள்ளே வரும். 2 லட்ச ரூபாய், வட்டி கிடையாது. குடிவருகிறவர் ஆதார் நகல், ஆபீஸ் அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சொந்த ஊர் முகவரி எல்லாம் கொடுப்பார். பழைய வரி முறையில் எச்.ஆர்.ஏ. கழிவு கேட்க, வாடகை வருஷத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டால், "அதெல்லாம் பர்சனல் தம்பி" என்பார். வேண்டுமானால் மாதம் 8,300-க்கு ரசீது தருகிறேன் என்று பெருந்தன்மையோடு இறங்கி வருவார்.

தண்ணீர் விஷயத்தில் அந்த ஏரியாக்களுக்கு ஒரு நடுநிலைமை உண்டு. கார்த்திகையில் வேண்டாத அளவுக்கு இருக்கும், சித்திரையில் வேண்டிய அளவுக்கு இருக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஓ.எம்.ஆர். அடுக்ககங்கள் அப்போதும் இப்போதும் லாரியை நம்பித்தான். லாரிக்காசு மெயின்டனன்ஸில் ஏறும், மெயின்டனன்ஸ் குடித்தனக்காரர் தலையில் ஏறும். அசோசியேஷன் கூட்டத்துக்கு ஓனர் வாட்ஸ்அப்பில் வருவார். மெட்ரோ வாட்டர் இணைப்புக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் தலைக்கு இவ்வளவு போடலாம் என்று யாராவது ஆரம்பித்தால், அங்கே இல்லாத அத்தனை ஓனர்களும் ஒரே குரலில் எதிர்ப்பார்கள். முடியாது என்றா சொல்வார்கள்? "ரெசிடென்ட்ஸுக்குத்தானே யூஸ்? அவங்க போடட்டும்." குடியிருக்கிறவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருப்பவர் குளிப்பது மந்தைவெளியில்.

போன ஆனி மாசம் ஒரு பையன் காலி செய்தான். இரண்டு வருஷம் வாடகையை ஒன்றாம் தேதியே போட்டவன். ஹாலில் நின்று ஓனர் கணக்குப் பார்த்தார். மழைத்தண்ணீர் கசிந்து வடக்குச் சுவரில் பூத்திருந்த ஈரத்திட்டை விரலால் தொட்டுப் பார்த்து, "ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தா காத்து வந்திருக்கும்" என்றார். பெயிண்டிங் ஒரு மாச வாடகை, 20,000. பாத்ரூம் க்ளீனிங், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணித் துளை எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000. மிச்சம் 1,70,000.

"எப்ப அங்கிள் கிடைக்கும்? அங்க அட்வான்ஸ் கட்டணும்."

"அடுத்த பார்ட்டி அட்வான்ஸ் குடுத்ததும் அன்னிக்கே ஜி-பே பண்ணிடறேன் தம்பி. உன் ஆபீஸ்ல நல்ல ஃபேமிலியா யாராவது இருந்தா நீயே சொல்லேன். வாடகை இருபத்திரண்டுன்னு சொல்லு, மெட்ரோ வருதில்ல."